பாட்டும் பாட்டாளியும்

மீஞ்சூர் ரயிலடிக்கு எதிரே ஒரு தேநீர்க் கடை. ஒரே பத்திரிகையை நாலு பேர் தாள் தாளாகப் பிரித்துக்கொண்டு படிக்கும் பழக்கம் இன்னும் மறையாத கடை. சென்ற வாரம் அங்கே உட்கார்ந்திருந்தபோது, பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றைச் சேர்ந்த தோழர் ஒருவர் வந்தார். வலைத் தொழிலாளி. நாற்பது ஆண்டாகக் கொடி பிடித்தவர். முகத்தில் கடுகடுப்பு.

“பொண்ணு பொன்னேரிக்குக் காலேஜ் போவுது தோழர். வூட்டுக்கு வந்தா காதுல ஒயரு. இன்னா பாட்டுன்னு வாங்கிக் கேட்டேன். ஒரு எழவும் புரியல. கொரியாக்காரன் பாட்டாம். நம்மகிட்ட இல்லாத பாட்டா? இத்தப் பத்திக் கட்சி ஒண்ணும் சொல்லாதா?”

கூடியிருந்தோர் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தோழர் கேட்டது தம் வீட்டுக் கேள்வி மட்டுமன்று. தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான வீடுகளில் எழுந்துள்ள கேள்வி.

2024 ஜனவரியில் நடந்ததை நினைவூட்டுகிறேன். கரூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த மூன்று சிறுமியர். வயது பதின்மூன்று. கையில் 14,000 ரூபாய் சேர்த்துக்கொண்டு, பி.டி.எஸ். என்ற கொரியப் பாடகர் குழுவைப் பார்க்க வேண்டும் என்று வீட்டில் சொல்லாமல் புறப்பட்டுவிட்டனர். விசாகப்பட்டினம் போய், அங்கிருந்து கப்பலேறிக் கொரியா போய்விடலாம் என்பது அவர்கள் போட்ட கணக்கு. சென்னை வரை வந்தவர்கள், திரும்பும் வழியில் காட்பாடி நிலையத்தில் மீட்கப்பட்டனர். அவர்கள் எண்ணியபடி சென்றிருந்தால், சென்னையை விட்டு வடக்கே போகும் வண்டி இதே மீஞ்சூரைத்தான் கடந்திருக்கும்.

உழவர் வீட்டுப் பிள்ளையும் மீனவர் வீட்டுப் பிள்ளையும் ஒருங்கே ஒரு பாட்டுக்கு மயங்குகின்றன என்றால், “காலம் கெட்டுப் போயிற்று” என்று கைவிரித்துவிட்டுப் போவது நமக்கு அழகன்று. அந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது? எப்படி வளர்ந்தது? யார் உழைக்கிறார்கள், யார் பிழைக்கிறார்கள்? இவற்றை விளங்கிக்கொள்ள வேண்டும்.

எள்ளி நகையாடிப் பயனில்லை

தென் கொரியா பெரிய நாடன்று. பரப்பிலும் சரி, மக்கள்தொகையிலும் சரி, நம் தமிழ்நாட்டைவிடச் சிறியது. ஏறத்தாழ ஐந்து கோடிப் பேர். அவர்கள் பேசும் மொழி அந்தத் தீபகற்பத்துக்கு வெளியே பெரும்பாலும் யாருக்கும் புரியாது.

அந்த நாட்டுப் பாடகர் சை 2012இல் வெளியிட்ட ‘காங்னம் ஸ்டைல்’ என்ற பாட்டு, யூடியூபில் நூறு கோடி முறை பார்க்கப்பட்ட முதல் காட்சியாயிற்று. அவ்வாண்டு நம் ஊர்த் திருமண வீடுகளில்கூட அந்தக் குதிரையோட்ட ஆட்டத்தை ஆடினார்களே, மறந்துவிடவில்லையே? ஒரு நாள் கூத்து என்றுதான் உலகம் நினைத்தது.

ஆனால் கூத்து முடியவில்லை. அமெரிக்காவில் வாரந்தோறும் எந்தப் பாட்டு எவ்வளவு விற்றது, எவ்வளவு கேட்கப்பட்டது என்று கணக்கிட்டு வெளியிடும் ஏடு பில்போர்டு. 2018 மே மாதத்தில் பி.டி.எஸ். குழுவின் இசைத்தொகுப்பு அந்தப் பட்டியலில் முதலிடம் பெற்றது. கொரியக் குழு ஒன்றுக்கு அது முதல் முறை. 2020இல் அதே குழு ஆங்கிலத்தில் பாடிய பாட்டொன்று தனிப்பாட்டுப் பட்டியலின் உச்சிக்குச் சென்றது. “பார்த்தீர்களா, ஆங்கிலத்தில் பாடினால்தான் மதிப்பு” என்று சிலர் சொல்லி முடிப்பதற்குள், அவ்வாண்டின் இறுதியிலேயே பெரும்பகுதி கொரிய மொழியிலேயே அமைந்த பாட்டும் அதே இடத்தைப் பிடித்தது. 2023இல் பிளாக்பிங்க் என்ற பெண்கள் குழு கலிபோர்னியாவின் கோச்செல்லா இசை விழாவில் தலைமைக் கலைஞராக மேடையேறியது. 2025இல் கொரியப் பாடகிகளைக் கதாநாயகிகளாக வைத்து அமெரிக்க நிறுவனமே எடுத்த கார்ட்டூன் படத்தின் பாட்டு அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் வகித்தது. வாங்கி விற்றுப் பழகிய அமெரிக்க முதலாளி, கொரியச் சரக்கின் அச்சைத் தானே வார்க்கத் தொடங்கிவிட்டான் என்பது இதன் பொருள்.

இந்தியாவிலும் இப்படித்தான். பத்தாண்டுக்கு முன்பே புதுயுகம் தொலைக்காட்சி கொரியத் தொடர்களைத் தமிழ் பேச வைத்தது. ஒடிசாவின் ரூர்கேலாவைச் சேர்ந்த ஸ்ரேயா லெங்கா 2022இல் கொரியக் குழு ஒன்றில் உறுப்பினரானார். இது நேற்றுப் பெய்த மழையில் இன்று முளைத்த காளான் அன்று. வேர் இருக்கிறது. அந்த வேரைத்தான் காண வேண்டும்.

மொழியைக் காத்தவர் கதை

கொரியருக்குப் பல நூற்றாண்டுகள் சொந்த எழுத்து இல்லை. சீன எழுத்தைத்தான் பயன்படுத்தினர். அதைக் கற்க ஆண்டுகள் பல ஆகும். ஆகவே எழுத்து மேட்டுக்குடியின் சொத்தாக இருந்தது. செஜோங் என்ற மன்னர் எளிய மக்களும் சில நாளில் கற்றுக்கொள்ளும்படி ஓர் எழுத்துமுறையை ஆக்கி, 1446இல் அறிவித்தார். அதன் பெயர் இன்று ஹங்குல். அன்றைய அறிஞர் கூட்டம் மகிழ்ந்ததா? இல்லை. சீன எழுத்தை விட்டுவிட்டுத் தனி எழுத்து வைத்துக்கொள்வது நாகரிகமற்றவர் செயல் என்று மன்னருக்கே மனு எழுதிற்று. சொந்த மொழியைத் தாழ்வாகக் கருதும் படித்தவர் கூட்டம் நமக்கு மட்டும் வாய்த்த வரம் அல்ல போலும்!

பிறகு வந்தது அடிமைக் காலம். 1910 முதல் 1945 வரை ஜப்பானிய ஆட்சி. அதன் இறுதியாண்டுகளில் பள்ளிகளில் கொரிய மொழி ஒழிக்கப்பட்டது. மக்கள் தம் பெயரைக்கூட ஜப்பானியப் பெயராக மாற்றிக்கொள்ள வற்புறுத்தப்பட்டனர். 1942இல் கொரிய மொழிக் கழகத்தார் கைது செய்யப்பட்டனர். அவர்கள் செய்த குற்றம், அகராதி தொகுத்தது. கையெழுத்துப் படி பறிமுதல் செய்யப்பட்டது. லீ யுன்-ஜே, ஹான் ஜிங் என்ற அறிஞர் இருவர் சிறையிலேயே மாண்டனர். 1945இல் விடுதலை வந்தபின், பறிபோன அந்தக் காகிதக் கட்டுகள் சியோல் ரயில் நிலையத்துச் சரக்குக் கிடங்கில் கண்டெடுக்கப்பட்டன. அவற்றைக் கொண்டே அகராதி அச்சாயிற்று.

அங்கே இருவர். இங்கேயும் 1939இல் சென்னைச் சிறைவாசத்தில் உயிர்விட்ட நடராசன், தாளமுத்து என இருவர். மீஞ்சூரிலிருந்து ரயிலேறிச் சென்னைக்குப் போகும் தோழர்கள் பேசின் பாலத்தை நெருங்கும்போது நினைத்துக்கொள்ளலாம்: அவ்விருவரும் துயிலும் மூலக்கொத்தளம் பக்கத்தில்தான் இருக்கிறது.

கொரிய மொழியிலும் அம்மாவை ‘ஓம்மா’ என்றும் அப்பாவை ‘அப்பா’ என்றும் அழைக்கிறார்கள். 1905இலேயே ஹல்பர்ட் என்பவர் கொரிய மொழி இலக்கணத்தையும் திராவிட மொழிகளின் இலக்கணத்தையும் ஒப்பிட்டு நூல் எழுதினார். இன்றைய மொழியியலார் அந்த உறவை ஒப்புக்கொள்வதில்லை. ஒப்புக்கொள்ளாவிட்டால் என்ன? ரத்த உறவு தேடி நாம் கொரியாவுக்குப் போக வேண்டியதில்லை. ஒரு சிறிய இனம் தன் மொழியை விடாமல் பற்றிக்கொண்டிருந்ததால்தான், பின்னர் அந்த மொழியிலே உலகத்தைப் பாட வைக்க முடிந்தது. அகராதியைக் காத்தவன் இல்லையேல் பாட்டுக்காரன் இல்லை. ஆங்கிலம் ஒன்றே வெளியுலகின் சாளரம் என்று இங்கே பேசுவோர் இதற்கு என்ன விடை சொல்வர்?

பாட்டைச் சிறையிட்ட ஆட்சி

கொரியாவைப் பற்றிப் பேசும் நம் ஊர்ப் பொருளாதாரப் பண்டிதர்கள் ஒரு பல்லவி பாடுவர்: “கட்டுப்பாடான ஆட்சி, வேலைநிறுத்தம் செய்யாத தொழிலாளி, அதனால் முன்னேற்றம்.” முழுப் பொய்.

1961இல் ராணுவத் தளபதி பார்க் சுங்-ஹீ ஆட்சியைக் கைப்பற்றினார். ஆலைகள் பெருகின. ஆலைக்குள் என்ன நடந்தது? சியோல் நகரத்துத் தையற்கூடங்களில் சிறுமிகள் காற்றோட்டமில்லாத தாழ்ந்த அறைகளில் நாள் முழுதும் குனிந்து தைத்தனர். 1970 நவம்பர் 13 அன்று ஜியோன் டே-இல் என்ற இருபத்திரண்டு வயதுத் தையற்தொழிலாளி, நடைமுறைக்கு வராத தொழிலாளர் சட்டப் புத்தகத்தோடு தன் உடலுக்குத் தீயிட்டுக்கொண்டார். நாங்கள் இயந்திரங்கள் அல்ல என்பதே அவர் எழுப்பிய குரல். கொரியத் தொழிற்சங்க இயக்கம் அந்த நெருப்பிலிருந்துதான் கிளம்பியது.

பாட்டும் தப்பவில்லை. 1975இல் நூற்றுக்கணக்கான பாட்டுகளுக்குத் தடை. கிம் மின்-கி என்ற இளைஞர் 1971இல் ‘அதிகாலைப் பனி’ என்று பொருள்படும் பாட்டொன்றை வெளியிட்டிருந்தார். அதுவும் தடைப் பட்டியலில் சேர்ந்தது. அவர் ஓடிவிடவில்லை. ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே பெண் தொழிலாளரின் சங்கப் போராட்டத்தைப் பாட்டு நாடகமாக்கி, மறைவாக ஒலிநாடாவில் பதிந்து கைமாற்றிப் பரப்பினார். தடை செய்யப்பட்ட அவருடைய பாட்டை மாணவரும் தொழிலாளரும் தெருவில் பாடினர். 1980இல் குவாங்ஜு நகரில் மக்கள் சுடப்பட்டனர். 1987 ஜூனில் நாடே திரண்டெழுந்து நேரடித் தேர்தல் உரிமையைப் பெற்றது. அதையடுத்து ஆலைதோறும் வேலைநிறுத்த அலை. ஆயிரக்கணக்கான சங்கங்கள் அந்த அலையில் பிறந்தன.

வெளியிடுமுன் பாட்டை அரசிடம் காட்டி அனுமதி பெற வேண்டும் என்ற விதி 1996இல்தான் ஒழிந்தது. இன்று உலகம் பார்க்கும் கொரியப் பாட்டுக் குழுக்களின் முதல் தலைமுறை தோன்றியதும் அதே ஆண்டுகளில்தான். கட்டை அவிழ்த்த பிறகுதான் காளை ஓடிற்று. அவிழ்த்தவர்கள் மாணவரும் தொழிலாளரும்.

பிறகுதான் அரசு வருகிறது. 1994இல் அந்நாட்டு அதிபருக்கு ஓர் அறிக்கை தரப்பட்டது. ‘ஜுராசிக் பார்க்’ என்ற ஒரே அமெரிக்கப் படத்தின் வருவாய், பதினைந்து லட்சம் ஹூண்டாய் கார்கள் விற்றால் கிடைக்கும் வருவாய்க்குச் சமம் என்றது அது. இருங்காட்டுக்கோட்டையில் அந்தக் காரைப் பூட்டும் நம் தொழிலாளிக்கு இந்தக் கணக்கின் பொருள் எளிதில் விளங்கும். 1997இல் கொரியப் பொருளாதாரம் சரிந்தது. பன்னாட்டு நிதியத்திடம் கையேந்தும் நிலை. 1998இல் அதிபரானவர் கிம் டே-ஜுங். 1980இல் ராணுவ ஆட்சியால் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டவர். பணமுடை நாட்டை நெரித்த அந்தக் காலத்திலேயே, 1999இல் பண்பாட்டுத் தொழில் வளர்ச்சிக்கென்று அவர் ஆட்சியில் சட்டம் இயற்றப்பட்டது. உதவி செய்வோம், உள்ளடக்கத்தில் தலையிட மாட்டோம் என்பது அவர் வகுத்த நெறி. பாட்டை அரசு உண்டாக்கவில்லை. பாட்டுக்குப் பாதை போட்டது. அவ்வளவே. அவ்வளவும் பெரிது.

ஒரே நாள், இரண்டு வழக்கு

இதுவரை சொன்னது கதையின் பாதி. மேடை விளக்கைக் கடந்து பின்கட்டுக்குப் போவோம்.

கொரியாவில் பாட்டு ஆலைப்பொருள். ஹைப், எஸ்.எம்., ஜே.ஒய்.பி., ஒய்.ஜி. என்று நாலு பெரிய நிறுவனங்கள். பத்து, பன்னிரண்டு வயதிலேயே பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, ஆண்டுக்கணக்கில் ஆட்டமும் பாட்டும் பயிற்றுவிக்கின்றன. பயிற்சி பெறுவோரில் மேடையேறுவோர் மிகச் சிலர். ஏறியவருக்கும் பல நிறுவனங்களில் பயிற்சிக்கும் தயாரிப்புக்கும் ஆன செலவைக் கழித்துக்கொண்ட பிறகே பங்கு கிடைக்கும். உணவுக்குக் கட்டுப்பாடு, நட்புக்குக் கட்டுப்பாடு, உறக்கத்துக்கும் தட்டுப்பாடு. 2017க்கும் 2019க்கும் இடையே புகழின் உச்சியிலிருந்த இளம் பாடகர் மூவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். அந்நாடே அழுதது.

2009இல் ஐவர் கொண்ட புகழ்பெற்ற குழு ஒன்றில் மூவர் நீதிமன்றம் போயினர். பதின்மூன்று ஆண்டு ஒப்பந்தம் அடிமை முறி என்பது அவர்கள் வழக்கு. அதன் பிறகே, ஒப்பந்தம் ஏழு ஆண்டுக்கு மேல் கட்டக் கூடாது என்ற மாதிரி ஒப்பந்தத்தை அந்நாட்டு வாணிப ஆணையம் வகுத்தது. யாரோ மனமிரங்கி அளித்ததில்லை. கேட்டுப் பெற்றது.

இனி நான் சொல்லப்போவதைத் தோழர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். தேதி 2024 அக்டோபர் 15.

அன்று சியோல் நகரில் நாடாளுமன்றத்தின் தொழிலாளர் குழு முன்னால் ஒரு பெண் வந்து நின்றார். நியூஜீன்ஸ் குழுவின் பாடகி ஹானி. வயது இருபது. உலகமெங்கும் அவருக்கு ரசிகர். பணியிடத்தில் தாம் புறக்கணிக்கப்பட்டதாக, அவமதிக்கப்பட்டதாகக் கண்ணீரோடு சாட்சி சொன்னார். அடுத்த மாதம் தொழிலாளர் துறை முடிவு சொன்னது. என்ன முடிவு? அவமதிப்பு நடந்ததா இல்லையா என்ற கேள்விக்கே அது போகவில்லை. தொழிலாளர் சட்டப்படி அந்தப் பாடகி ‘தொழிலாளி’யே அல்லர் என்றது! அவருக்குக் குறிப்பிட்ட வேலை நேரம் இல்லையாம். வாங்குவது கூலி இல்லையாம், இலாபப் பங்காம். ஆகவே சட்டத்தின் காப்பு அவருக்கில்லை.

அதே அக்டோபர் 15. காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரம். சாம்சங் ஆலைத் தொழிலாளர் சுமார் 1,500 பேர், செப்டம்பர் 9 முதல் நடத்திய 37 நாள் வேலைநிறுத்தத்தை அன்றுதான் முடித்துக்கொண்டனர். தொலைக்காட்சிப் பெட்டியும் குளிர்சாதனப் பெட்டியும் துணி துவைக்கும் இயந்திரமும் செய்யும் கைகள் அவை. அவர்கள் கேட்டவற்றுள் தலையாயது, தாம் அமைத்த சங்கத்தைச் சங்கமாக ஏற்க வேண்டும் என்பது. இடையில் கைது உண்டு. போராட்டக் கொட்டகை பிரிக்கப்பட்டதும் உண்டு. சங்கப் பதிவு உயர்நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில்தான் கைகூடிற்று. கொரியாவிலேயே அந்நிறுவனம் பல்லாண்டு காலம் சங்கமில்லாக் கொள்கையைக் கடைப்பிடித்தது. 2020இல்தான் அதன் துணைத் தலைவர் மன்னிப்புக் கேட்டு அதைக் கைவிடுவதாக அறிவித்தார். அங்குள்ள தொழிலாளர் சங்கம் முதன்முதலாக வேலைநிறுத்தம் செய்ததும் 2024இலேதான்.

சியோலில் ஒரு பெண்ணிடம் “நீ தொழிலாளி அல்ல” என்கிறார்கள். சுங்குவார்சத்திரத்தில் ஆயிரத்தைந்நூறு பேரிடம் “உங்கள் சங்கம் சங்கமல்ல” என்றார்கள். ஒருவர் கையில் ஒலிவாங்கி, மற்றவர் கையில் திருப்புளி. இருவரும் கேட்டது ஒன்றே: உழைக்கிறேன் என்பதை ஒப்புக்கொள்! தோழரின் மகள் கேட்கும் பாட்டுக்குள் இந்தக் குரலும் இருக்கிறது. அப்பாவுக்கும் மகளுக்கும் இது தெரியாததுதான் குறை.

நம் கரையில் பாடு என்றால் என்ன?

பழவேற்காட்டு மீனவர்க்குப் பாடு என்றால் பொருள் வேறு. ஏரியில் மீன்படும் இடத்துக்கும், அங்கே வலை போடும் முறைக்கும் அதுதான் பெயர். நல்ல இடத்தைப் பணக்காரனே நாள்தோறும் பிடித்துக்கொள்ள முடியாது. குலுக்கல் போட்டு முறை வைத்து, இன்று ஒருவருக்கு, நாளை இன்னொருவருக்கு என்று பிரித்துக்கொள்கிறார்கள். அதிலே சேர்க்கப்படாமல் வெளியே நிற்கும் மீன்பிடி மக்களும் உண்டு. அந்தக் குறை தீர வேண்டும். ஆனால் முறைவைத்து உண்ணும் நெறி உயர்ந்த நெறி. உலகப் பாட்டு வாணிபத்தில் அந்த நெறி உண்டா? நல்ல இடமெல்லாம் நாலு நிறுவனத்துக்கு. அவற்றுக்கும் மேலே, பாட்டு ஓடும் இணைய வழிகளை வைத்திருக்கும் அமெரிக்கப் பெருமுதலாளிகளுக்கு. மீதிப்பேர் கரையில் நிற்க வேண்டியதுதான்.

கொரியாவைக் குறை சொல்லுமுன் நம் முற்றத்தையும் பார்ப்போம். வலை இழுக்கும்போதும் துடுப்புப் போடும்போதும் நம் கடலோரத்தில் பாடிய பாட்டுக்கு அம்பா என்று பெயர். பல கைகள் ஒரே மூச்சில் இழுக்க, பாட்டுத்தான் தாளம் தந்தது. பிறகு இயந்திரம் வந்தது. தோள் நோவு குறைந்தது. வேண்டாம் என்று சொல்ல யாருக்கு உரிமை? ஆனால் இயந்திரத்தின் இரைச்சலில் அம்பா அடங்கிவிட்டது. இன்றைக்கு ஐம்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களில் முழுப்பாட்டும் தெரிந்தவர் எத்தனை பேர்?

வடசென்னை உழைப்பாளர் தெருக்களில் பிறந்த கானா, சாவு வீட்டில் விடிய விடியப் பாடப்பட்ட பாட்டு. சினிமா எடுத்துக்கொண்டது. பாடியவன் தெருவிலேயே நின்றான். 2017இல் எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று டி.எம். கிருஷ்ணா, கபேர் வாசுகி எழுதிய புறம்போக்குப் பாட்டைப் பாடினார். சாம்பல் படிந்த நம் கரை அன்று உலகத்தின் கண்ணில் பட்டது. 2018இல் பா. இரஞ்சித் முயற்சியில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு மேடையேறியபோது, கானாவுக்கு நாற்காலி போட்டது போலிருந்தது. 2021இல் வந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’யைக் கோடிக்கணக்கான முறை உலகம் கேட்டது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டியின் நினைவிலிருந்து அறிவு எழுதிய பாட்டு அது. தமிழில் பாடினால் உலகம் கேட்காது என்ற வாதம் அன்றே தவிடுபொடி ஆயிற்று. ஆனால் என்ன நடந்தது? அந்தப் பாட்டால் தங்களுக்கு ஒரு காசும் வந்து சேரவில்லை என்று அதன் தயாரிப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024இல் வெளிப்படையாகச் சொன்னார்.

ஆக, திறமைக்குப் பஞ்சமில்லை. மொழிக்கும் குறைவில்லை. கேட்பாரும் உண்டு. இல்லாதது இரண்டு: வளர்க்கும் ஏற்பாடு, உழைத்தவனுக்குப் பங்கு கிடைக்கும் ஏற்பாடு. கொரியா முதலாவதைச் செய்து, இரண்டாவதில் தடுமாறுகிறது. நாம் இரண்டையும் செய்ய வேண்டும்.

அடித்தளம் இல்லாமலும் இல்லை. 1955இல் தோன்றிய அமைப்பே இன்றைய இயல் இசை நாடக மன்றம். நாட்டுப்புறக் கலைஞர்க்கு நலவாரியம் இருக்கிறது. பொங்கல் நாட்களில் சென்னை சங்கமம் நடக்கிறது. சில நாள் மேடை நல்லது. மற்ற நாட்களுக்கு என்ன வழி? மாவட்டந்தோறும் பாட்டைப் பதிவு செய்யும் கூடம் வேண்டும். எழுதியவர், பாடியவர், பறையடித்தவர் எல்லோருக்கும் பங்கைச் சொல்லும் மாதிரி ஒப்பந்தம் தமிழில் வேண்டும். கானாக் கலைஞரும் அம்பா அறிந்த மீனவரும் வாரியத்தில் பதிவு பெற, கிளைத் தோழர்கள் மனு எழுதிக் கொடுக்க வேண்டும். இது கலை வேலை என்று ஒதுக்கத் தக்கதன்று. சங்க வேலை.

விளக்கு ஏந்திய கைகள்

கொரியப் பாட்டு இளைஞரை மயக்கிப் போராட்டத்திலிருந்து விலக்கிவிடும் என்று அஞ்சும் தோழர்களுக்கு ஒரு செய்தி. 2024 டிசம்பர் 3 இரவு, தென் கொரிய அதிபர் யூன் சுக்-யோல் திடீரென ராணுவச் சட்டத்தை அறிவித்தார். நாடாளுமன்ற உறுப்பினர்கள் சுவரேறிக் குதித்து உள்ளே போய் அதை முறியடித்தனர். மக்கள் தெருவுக்கு வந்தனர். முன்வரிசையில் யார்? பெருமளவில் இளம் பெண்கள். கையில் என்ன? தங்கள் அபிமானக் குழுவின் கச்சேரியில் ஆட்டுவதற்கென்று வாங்கிய வண்ணக் கைவிளக்குகள்! பாடியது என்ன? பெண்கள் குழு ஒன்று 2007இல் வெளியிட்ட ஆட்டப் பாட்டு. பழைய தலைமுறை தன் ‘அதிகாலைப் பனி’யைப் பாட, புதிய தலைமுறை தன் பாட்டைப் பாட, கடுங்குளிரில் ஒரே கூட்டமாக நின்றனர். டிசம்பர் 14இல் அந்த அதிபர் மீது குற்றத் தீர்மானம் நிறைவேறியது. 2025 ஏப்ரல் 4இல் அரசியல் சட்ட நீதிமன்றம் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது.

பாட்டு யாரையும் தானாகவே அடிமையாக்குவதுமில்லை, தானாகவே விடுதலை செய்வதுமில்லை. கேட்பவருக்கு நாடு, உழைப்பு, உரிமை என்ற உணர்வு இருந்தால், ஆட்டப் பாட்டும் அணிவகுப்புப் பாட்டாகும். அந்த உணர்வை ஊட்டுவது நம் வேலை. பிள்ளையின் காதிலிருந்து ஒயரைப் பிடுங்குவது நம் வேலையன்று.

மீஞ்சூர்த் தோழரிடம் இதையெல்லாம் சொன்னேன். பாதி ஒப்புக்கொண்டார். மீதியை யோசிப்பதாகச் சொன்னார். பிறகு பேச்சோடு பேச்சாக, அவர் குப்பத்தில் எண்பது கடந்த பெரியவர் ஒருவர் இருப்பதாகவும், பெரிய வலை இழுத்த காலத்து அம்பா முழுவதும் அவருக்கு மனப்பாடம் என்றும் சொன்னார். யாரும் கேட்பதில்லையாம். அவரும் பாடுவதில்லையாம்.

“உங்கள் மகளிடம் சொல்லுங்கள் தோழர். கொரியப் பாட்டுக் கேட்கும் அதே கைப்பேசியில் அந்தப் பெரியவரின் பாட்டைப் பதிந்து வைக்கட்டும்” என்றேன்.

தோழர் சற்றுநேரம் பேசவில்லை. தேநீரைக் குடித்து முடித்தார்.

“அது செய்யும் தோழர். கேட்டா செய்யும். நான் இதுவரிக்கும் திட்டித்தான் இருக்கேன், கேட்டதில்ல” என்றார்.

அடுத்த வாரம் கேட்டுவிட்டு வந்து சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். காத்திருக்கிறேன். மற்றக் கரைகளிலும் மற்றத் தெருக்களிலும் உள்ள தோழர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். பெரியவர்களுக்கு வயது ஏறிக்கொண்டிருக்கிறது.